நாலு ஹாலோ பிளாக்கும் ஒரு ஆய்வேடும்

2021 ஜூன் 12, சனி

மைதானம் பூட்டிக் கிடக்கிறது. எம்.பி.எட். (உடற்கல்வி முதுகலை) ஆய்வேட்டுக்கு மட்டும் ஊரடங்கு இல்லை. எட்டு வார ஆன்லைன் பயிற்சியால் கல்லூரி மாணவர்களின் உடற்தகுதி கூடுகிறதா என்பதுதான் தலைப்பு. கைடு சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "டெஸ்ட்டை வீட்ல வச்சு எப்படிப்பா எடுப்ப?"

இன்று முன் சோதனை. குவீன்ஸ் காலேஜ் படி ஏறும் சோதனையை எடுத்துக்கொண்டேன். 1972இல் மெக்கார்டில் குழுவினர் நியூயார்க்கில் வகுத்தது. படியின் உயரம் 16.25 அங்குலம். அதென்ன கால் அங்குலக் கணக்கு என்றால், உடற்பயிற்சிக் கூடத்தில் பார்வையாளர் உட்காரும் வரிசையின் உயரம் அது. நம் பிள்ளைகள் வீட்டில் அதற்கு எங்கே போவது? ஹாலோ பிளாக் உயரம் 8 அங்குலம். கீழே இரண்டு, மேலே இரண்டு, சுவரோரமாக அடுக்கி, தம்பியையோ தங்கையையோ பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கால் அங்குலம் போனால் போகட்டும்.

மூன்று நிமிடம் ஏறி இறங்க வேண்டும். நிமிடத்துக்கு ஆண்கள் 24 முறை, பெண்கள் 22 முறை. ஒவ்வொரு முறைக்கும் நான்கு தட்டு. நான் இங்கே சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்தால் வீடியோ செயலி அதை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடுகிறது! அப்புறம் அவரவர் வீட்டில் இன்னொரு போனை வாங்கி ஓடவிட்டோம். முடித்த 5ஆவது நொடியிலிருந்து 20ஆவது நொடி வரை நாடியை எண்ணி நாலால் பெருக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு 160 வந்தால், பெண்களுக்கான சூத்திரப்படி 65.81இலிருந்து 0.1847 × 160ஐக் கழிக்க, 36.26. ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு அத்தனை மில்லி ஆக்சிஜனை அவள் உடம்பு பயன்படுத்த முடியும் என்று ஒரு மதிப்பீடு.

நாடி எங்கே இருக்கிறது என்று தேடியே பாதிப் பேருக்கு அந்த 15 நொடியும் போய்விட்டது. மறுபடி எடுத்தோம்.

ஜூன் 15, செவ்வாய்

காலை ஆறரைக்கு வகுப்பு. திரை முழுக்கக் கேமரா அணைத்த வட்டங்கள். டேட்டா பிரச்சினை என்றார்கள், அது உண்மையும்கூட. அரசு தந்த தினம் 2 ஜிபி டேட்டா கார்டு ஏப்ரலோடு முடிந்துவிட்டது. ஆனால் பெண்களுக்கு வேறு கதை. ஹாலில் தாத்தா படுத்திருப்பார், அடுக்களையில் கை நீட்ட இடமிருக்காது, மொட்டை மாடிக்குப் போனால் எதிர்வீட்டுக்காரர் வேடிக்கை பார்ப்பார். "அண்ணா, கேமரா வேண்டாம், ஆனா செய்றேன்" என்று ஒருத்தி எழுதினாள். மூச்சிரைப்பது மைக்கில் கேட்டது. அதுவே வருகைப் பதிவு.

ஜூன் 28, திங்கள்

தபாட்டா என்ற குறுகிய நேரக் கடும் பயிற்சியைக் கேட்டார்கள். இணையத்தில் நாலு நிமிடத்தில் தொப்பை கரையும் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு அடிப்படையாக 1996இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வில் பயிற்சி செய்தவர்களும் கல்லூரி மாணவர்கள்தான். ஆனால் உடற்கல்வி படித்த விளையாட்டுப் பையன்கள். ஆய்வகச் சைக்கிளில், அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாட்டின் 170 சதவீத அளவுக்கான வேகத்தில் 20 நொடி, பிறகு 10 நொடி ஓய்வு. ஏழெட்டுச் சுற்றில் ஆள் தீர்ந்துவிட வேண்டும். எட்டாவது சுற்றிலும் பேச முடிந்தால் அது தபாட்டா இல்லை. என் பிள்ளைகள் நாலாவது சுற்றில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். சரி, வியர்த்தால் போதும் என்று விட்டேன்.

ஜூலை 9, வெள்ளி

கூட்டம் குறைகிறது. நேரலைக்கு வர முடியாதவர்களுக்குப் பதிவு செய்த காணொளியை அனுப்பினேன். "பார்த்தேன் அண்ணா" என்கிறார்கள். பார்த்திருப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருந்தால்தான் உடம்பு அசைகிறது.

ஜூலை 22, வியாழன்

முதல் வாரத்தில் புஷ்-அப்பில் திணறிய பையன் இன்று அலட்சியமாக எடுத்தான். எனக்கு ஒரே பெருமை. விசாரித்தால், அப்பாவுக்கு வேலை போனதால் மூன்று வாரமாகச் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறானாம். பலகை தூக்கித் தூக்கி வந்த தோள் அது. இதை என் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இன்னொரு பக்கம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதுவும் செய்யக் கூடாது என்று வைத்த கட்டுப்பாட்டுக் குழுவில் ஒருத்தி, தோழியின் போனில் என் காணொளியைப் பார்த்துத் தினமும் செய்கிறாளாம். திட்டவும் மனமில்லை.

ஆகஸ்ட் 7, சனி

காலையில் பின் சோதனை. சாயங்காலம் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் எறிந்து தங்கம். குழுவில் சோதனை முடிவு அனுப்பச் சொன்னால் எல்லாரும் ஈட்டிப் படம் அனுப்புகிறார்கள்.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

சராசரி அழகாக ஏறியிருக்கிறது. கைடு சாருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன். "நடுவுல நின்னுபோனவங்க முன் சோதனையை மட்டும் தனியா எடுத்துப் பாரு."

பார்த்தேன். ஆரம்பத்திலேயே நாடி அதிகமாக எகிறியவர்களும், சிட்-அப்பில் சுணங்கியவர்களும்தான் பெரும்பாலும் போயிருக்கிறார்கள். முன் சோதனைச் சராசரியில் அவர்கள் இருக்கிறார்கள், பின் சோதனையில் இல்லை. அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு அவர்கள் விலகியதால் வந்தது. கடைசிவரை இருந்தவர்களை மட்டும் ஒப்பிட்டால் முன்னேற்றம் இருக்கிறது, அடக்கமாக.

ஆகஸ்ட் 11, புதன்

விலகியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன். பயிற்சி செய்யாவிட்டாலும் பின் சோதனை மட்டும் கொடுங்கள் என்று. ஒருத்தி சிரித்தாள்: "ஹாலோ பிளாக்கை மாட்டுத் தொட்டிக்கு முட்டுக் கொடுத்துட்டாங்க அண்ணா. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைக்கச் சொல்றேன்."