ஜிப்ஸி முன் ஆக்ஸில்: ஒழுகுவது வெளியே, கெட்டது உள்ளே

பெங்களூருவில் அக்டோபர் மழை ஓய்ந்த பிறகு மாருதி ஜிப்ஸியின் முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ரிம்மின் உட்புறம் கறுப்பாக வழிந்திருந்தால் ஒர்க்‌ஷாப்பில் முதலில் வரும் பதில், "வெளி சீல் போயிடுச்சு சார், மாத்திடலாம்." மாற்றுவார்கள். இரண்டு மாதத்தில் திரும்பவும் வழியும். பெரும்பாலும் வெளி சீல் மேல் தப்பில்லை. உள்ளே வேறு ஏதோ கெட்டதை அது காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது புரியும். ஆக்ஸில் குழாயின் இரண்டு நுனியிலும் வழுவழுப்பான ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது. அதைக் கவ்விக்கொண்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் ஸ்டியரிங்கோடு திரும்பும். அது திரும்பும் அச்சாக மேலே ஒரு கிங் பின், கீழே ஒரு கிங் பின், இரண்டுக்கும் டேப்பர் பேரிங். உருண்டைக்குள் இருப்பது பிர்ஃபீல்டு ஜாயின்ட், சக்கரம் திரும்பியிருக்கும்போதும் சுழற்சியைக் கடத்தும், பந்துகள் வைத்த மூட்டு. டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலில் இருக்கும் கியர் கூடு) பக்கம் கியர் ஆயில், ஜாயின்ட் பக்கம் கிரீஸ், இரண்டையும் பிரிப்பது குழாய் நுனியில் இருக்கும் உள் சீல். உருண்டையின் வெளிப்புறத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பது வெளி சீல். அதில் ஒரு ரப்பர் வளையம், ஒரு ஃபெல்ட் வளையம், இரண்டையும் பிடிக்க ஒரு தகடு. அது கெட்டியான கிரீஸை நிறுத்தும், சேறு உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளும். தண்ணியாக ஓடும் ஆயிலை நிறுத்த அதனால் ஆகாது.

பழைய மஹிந்திரா ஜீப்புகளிலும் இதே ஏற்பாடுதான், சாமான்கள் வேறு. 2023இல் வந்த ஐந்து கதவு ஜிம்னியிலும் முன்பக்கம் முழு ஆக்ஸில், நக்கிள் சீல் உண்டு. இன்றைய மஹிந்திரா தார் வண்டிக்கு இந்தக் கதை பொருந்தாது. அதில் முன் சஸ்பென்ஷன் தனித்தனி, பார்க்க வேண்டியது ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட்.

கழற்றுவதற்கு முன் விரலால் ஒரு சோதனை. உருண்டையில் இருப்பதைக் கொஞ்சம் வழித்து இரண்டு விரலுக்கு நடுவே தேயுங்கள். மெல்லிய கறுப்புப் படலம், பிசுபிசுவென்று ஒட்டுகிறது என்றால் சாதாரணம், விட்டுவிடலாம். வழவழவென்று ஓடுகிறது, கந்தக நாற்றம் அடிக்கிறது என்றால் கியர் ஆயில் உள் சீலைத் தாண்டி வந்து கிரீஸைக் கரைத்துவிட்டது. டிஃபரன்ஷியலிலும் அளவு இறங்கியிருக்கும். நறநறவென்று செம்மண் நிறக் களிம்பு வந்தால் வெளி சீல் நிஜமாகவே போய்விட்டது. பெங்களூருவைச் சுற்றியுள்ள செம்மண்ணில் கலந்திருக்கும் நுண்மணல் எமரித்தாள் மாதிரி வேலை செய்யும். காய்ந்த சேற்றோடு வண்டியை ஓட்டினாலே சீலின் உதடு தேய ஆரம்பித்துவிடும்.

அடுத்தது ஆட்டம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் சக்கர பேரிங். நிற்கவில்லை என்றால் கிங் பின். கிங் பின் ஆடும் வண்டியில் நக்கிள் உருண்டைக்கு நடுவில் நிற்காது. ஒரு பக்கம் சீலை நசுக்கும், எதிர்ப்பக்கம் இடைவெளி விடும். அந்த வண்டியில் எத்தனை புது சீல் போட்டாலும் வீண்.

பிரீதரை யாரும் பார்ப்பதில்லை. கியர்கள் ஓடி ஆக்ஸில் சூடாகும்போது உள்ளே காற்று விரியும். அது வெளியேற ஹவுசிங் மேல் சின்ன மூடி ஒன்று உண்டு, அதுதான் பிரீதர். சேறு காய்ந்து அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் முழுவதும் உள் சீல் மேல் விழும். சூடான ஆக்ஸில் தண்ணீர் தேங்கிய அண்டர்பாஸில் இறங்கினால் இதற்கு நேர் எதிர்: உள்ளே காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஆயில் பால் காபி நிறத்தில் வருவது அதனால்தான். மூடியைக் கழற்றிவிட்டு, ஆயில் தாங்கும் ரப்பர் ட்யூபை மாட்டி இஞ்சின் அறையின் மேல்மட்டம் வரை கொண்டுபோங்கள். நுனியில் ஒரு சின்ன பெட்ரோல் ஃபில்டர் வையுங்கள். ஆக்ஸில் முழுசாகத் தொங்கும்போதும் ட்யூப் இழுபடாத அளவு நீளம் விடுங்கள். இந்த வேலையிலேயே மலிவானது இது, பலன் அதிகமும் இதில்தான்.

இனி கழற்றுவது. டிஃபரன்ஷியல் ஆயிலை வடிக்கும் முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது கழலாமல் போனால் வண்டி அங்கேயே நிற்கும். பிரேக் கேலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் அதன் பாரம் விழக்கூடாது. ஹப், டிஸ்க், ஹப்பைத் தாங்கும் குழாயான ஸ்பிண்டில் எல்லாம் கழன்று வந்ததும் ஷாஃப்ட்டை ஜாயின்ட்டோடு நேராக வெளியே இழுங்கள். பிறகு வெளி சீல் தகடு, ஸ்டியரிங்கின் டை ராட் முனை, கிங் பின்கள். கிங் பின்னுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளான ஷிம்களை மேல், கீழ், இடது, வலது என்று எழுதித் தனித்தனிக் கவரில் போடுங்கள். கலந்துவிட்டால் அன்றைய நாள் போச்சு. ரப்பர், ஃபெல்ட், தகடு எந்த வரிசையில் வந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புது உள் சீல் வாங்கியாகிவிட்டது என்பதற்காக உடனே அடித்து ஏற்றாதீர்கள். முதலில் ஷாஃப்ட்டில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் புது சீலும் ஒழுகும். ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் புஷ் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் தள்ளாடி சீலை முட்டை வடிவமாக்கிவிடும். அதையும் சேர்த்து மாற்றுங்கள். சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து, அதாவது டிஃபரன்ஷியலைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, சீலின் வெளி விளிம்புக்குப் பொருந்தும் சாக்கெட்டை வைத்து, பழையது இருந்த ஆழத்துக்கே நேராகத் தட்டுங்கள். ஷாஃப்ட்டைத் திரும்பச் செருகும்போது ஒரு கையால் தூக்கிப் பிடியுங்கள். அதன் எடை சீலில் சாய்ந்தாலும், ஸ்ப்ளைன் பல் உதட்டில் உரசினாலும் புது சீல் அங்கேயே கிழியும். இரண்டு மாதத்தில் திரும்பி வருவதில் பல இந்த ஒரு நொடியில் நடப்பவை.

உருண்டையில் துரு இருந்தால் 400, பிறகு 600 நம்பர் எமரித்தாளை நனைத்துத் தேயுங்கள். ஆழமான குழிகளை இரண்டு ட்யூப் எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பின் மட்டமாகத் தேய்க்கலாம்.

கிங் பின் பேரிங்கில் கீழ்ப்பக்கத்தைத்தான் முதலில் பாருங்கள், தண்ணீர் தேங்குவது அங்கேதான். வெளி வளையத்தில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஸ்டியரிங் நடுவில் சிக்கிச் சிக்கித் திரும்பும். மாற்றும்போது வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள். போல்ட்களை 25 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, வெளி சீலும் ஷாஃப்ட்டும் இல்லாத நிலையில், டை ராட் துளையில் கொக்கித் தராசை மாட்டி நேர்க்கோணத்தில் இழுங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்ப்போமே, அந்தத் தராசே போதும். நக்கிள் அசையத் தொடங்கும்போது 1 முதல் 1.8 கிலோ காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் ஒரு ஷிம்மை எடுங்கள், அதிகமாக இருந்தால் சேருங்கள்.

கிரீஸ் என்றால் மாலிப்டினம் கலந்த லித்தியம், நம்பர் 2. ஜாயின்ட்டில் பழையதை முழுதும் கழுவிவிட்டு, பந்துகளுக்கு இடையில் கட்டைவிரலால் அழுத்தி நிரப்புங்கள். நக்கிள் கூட்டுக்குள் முக்காலைத் தாண்ட வேண்டாம், சூட்டில் விரிய இடம் வேண்டும். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90, ஏறக்குறைய 2 லிட்டர். நிரப்பும் துளையில் ஆயில் எட்டி வழியும் வரை. தண்ணீர் கலந்த ஆக்ஸிலுக்கு ஒரு தடவை போதாது. புதிதாக ஊற்றி, சில கிலோமீட்டர் ஓட்டி, சூட்டோடு வடித்து மறுபடி ஊற்றுங்கள்.

சாமான் வாங்க ஜேசி ரோடு, இல்லாவிட்டால் சிவாஜிநகர். "ஜிப்ஸி ஃப்ரண்ட் சீல் ஒண்ணு குடுங்கண்ணா" என்று கேட்டால் கையில் கிடைப்பது எதுவாகவும் இருக்கலாம். பழைய சீலின் முகத்தில் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் என்று எண்கள் அச்சாகியிருக்கும். அதைக் காட்டிக் கேளுங்கள்.

ஃப்ரீ வீல் ஹப் முன் சக்கரத்தை ஷாஃப்ட்டிலிருந்து பிரித்து வைக்கும். அதை மாதக்கணக்கில் ஃப்ரீயிலேயே விட்டால் ஜாயின்ட் சுழலாது, மேல் பாதியில் கிரீஸ் வடிந்து துரு ஏறும். மாதம் ஒரு முறை ஹப்பை லாக் செய்து, டூ வீலிலேயே பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட வேண்டாம்.

வேலை முடிந்து நூறு கிலோமீட்டர் ஓடியதும் உருண்டையை வெள்ளைத் துணியால் துடையுங்கள், சக்கரத்தை மறுபடி ஆட்டிப் பாருங்கள். மறுநாள் காலையில் துணியை இன்னொரு முறை ஓட்டுங்கள். கறுப்பு மட்டும் ஒட்டினால் சரி, துணி நனைந்தால் உள் சீலைத் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.