216 கிளியோபாட்ரா: சுழல்வதை அளந்து பார்த்தேன்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் லட்சக்கணக்கான சிறுகோள்கள் சுற்றுகின்றன. அதில் 216 கிளியோபாட்ராவை நான் பிடித்துக்கொண்டது அதன் வடிவத்துக்காக. 1880 ஏப்ரல் 10 அன்று போலா நகரில் இருந்த ஆஸ்திரியக் கடற்படை வானாய்வகத்தில் யோகான் பாலிசா கண்டுபிடித்தது. ரொம்ப காலம் வெறும் ஒளிப்புள்ளிதான். 2000-இல், போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியின் ரேடார் தரவு வெளிவந்த பிறகுதான் உருவம் தெரிந்தது: நடுவில் ஒடுங்கி, இரண்டு முனையும் பருத்த எலும்புத்துண்டு மாதிரி. நீளம் சுமார் 270 கிலோமீட்டர்.

சிறிய தொலைநோக்கியில் அந்த உருவம் தெரியவே தெரியாது. பூமிக்கு நன்றாக நெருங்கும்போதுகூட கோண அளவு கால் விநாடிக்கோணத்தை ஒட்டித்தான் இருக்கும் (ஒரு விநாடிக்கோணம் என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு). ஆனால் அது சுழலும்போது அகன்ற பக்கமும் முனைப் பக்கமும் மாறி மாறி நம்மைப் பார்க்கும். ஒளி கூடிக் குறையும். அதை அளக்கலாம் என்பதுதான் என் முயற்சி.

எதிர்நிலையை, அதாவது பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் வரும் நாளை, ஒட்டிய நாட்களில் இதன் ஒளித்தரம் (வெளிச்சத்தின் அளவுகோல்; எண் கூடினால் மங்கல்) 10, 11 என்று இருக்கும். கேமராவை மாட்டி, 60 விநாடிப் படங்களாக இரவு முழுக்க எடுத்தேன். அந்த ஒரு நிமிடத்தில் சிறுகோள் அரை விநாடிக்கோணம் அளவுக்குத்தான் நகரும், அதனால் படத்தில் கோடாக இழுபடாது. பிறகு ஒவ்வொரு படத்திலும் அதன் ஒளியைப் பக்கத்தில் உள்ள, சூரியனை ஒத்த நிறமுடைய நட்சத்திரங்களோடு ஒப்பிட வேண்டும். மெல்லிய மேகம் கடந்தாலும், வானில் கீழே இறங்கினாலும் எல்லாமே சேர்ந்து மங்கும். வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் அந்தப் பாதிப்பு பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

புள்ளிகளை வரைபடத்தில் போட்டதும் வளைவு எழுந்து வந்தது. ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்கு ஏறக்குறைய 2 மணி 42 நிமிடம். ஒரு சுற்றில் அகன்ற பக்கம் இரண்டு முறை தெரிவதால் இதை இரட்டிப்பாக்க வேண்டும். வானியலாளர்கள் கணக்கிட்ட 5.385 மணி நேரத்தோடு இது ஒத்துப்போகிறது! ரேடார் இல்லாமல், ஒரே ஒரு புள்ளியின் வெளிச்சத்தை வைத்து அது நீண்ட உடல் என்று நாமே உணர முடிகிறது. எனக்கு இதைவிடப் பெரிய மகிழ்ச்சி வேறில்லை.

இதற்கு அலெக்ஸ்ஹீலியோஸ், கிளியோசெலீன் என்று 2008-இல் கண்டுபிடிக்கப்பட்ட இரண்டு நிலவுகள் உண்டு. அவை என் கருவிக்கு எட்டாது. ஆனால் அவற்றின் பாதையிலிருந்துதான் கிளியோபாட்ராவின் நிறையைக் கணக்கிட்டார்கள். 2021-இல் வெளிவந்த முடிவின்படி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.4 கிராம் அளவுதான். உலோகம் நிறைந்தது என்று கருதப்படும் ஒன்றுக்கு இது குறைவு. உள்ளே இடைவெளிகள் நிறைந்த இடிபாட்டுக் குவியலாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஒளி மாறும் அளவு எப்போதும் ஒன்றாக இருக்காது. துருவப் பக்கமாகப் பார்த்தால் 0.1 ஒளித்தரம், பக்கவாட்டில் பார்த்தால் 1.2 வரை போகும். எதிர்நிலை சுமார் 15 மாதத்துக்கு ஒருமுறை வரும். ஒவ்வொரு முறையும் பார்க்கும் கோணம் வேறு. அடுத்த எதிர்நிலையிலும் இதே வளைவை எடுத்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கப் போகிறேன்.