இமிடசோல் உப்பு வில்லை: ஈரத்தைக் கழித்தால் மிஞ்சுவது

ஓர் உப்பு திடநிலையிலேயே புரோட்டான்களை, அதாவது ஹைட்ரஜன் அயனிகளை, நகர்த்தி மின்சாரம் கடத்துமா என்று சோதித்தேன். எடுத்தது இமிடசோல் (நைட்ரஜன் உள்ள வளைய மூலக்கூறு) 6.8 கிராம், சக்சினிக் அமிலம் 11.8 கிராம். இரண்டும் சம மோல். வெந்நீரில் கரைத்து ஆறவிட்டதில் நிறமற்ற படிகங்கள் வந்தன. கையுறை கட்டாயம், இமிடசோல் தோலை அரிக்கும். பொடித்து உலர்த்தி, 13 மி.மீ. அச்சில் ஜாக்கால் அழுத்தி 1 மி.மீ. வில்லை ஆக்கி, இரு முகத்திலும் கிராஃபைட் பூசினேன்.

மல்டிமீட்டர் இதற்கு உதவாது. டிசி கொடுத்தால் புரோட்டான்கள் கிராஃபைட் ஓரத்தில் தேங்கிவிடும். தடை ஏறிக்கொண்டே போகும். எல்சிஆர் மீட்டரில் (ஏசியில் தடையும் மின்தேக்கமும் அளக்கும் கருவி) ஏசி கொடுத்துத்தான் அளக்க வேண்டும். அதிலும் 100 கிலோஹெர்ட்ஸில் வில்லை வெறும் மின்தேக்கியாக நடந்துகொள்கிறது. நான் எடுத்துக்கொள்வது 100 ஹெர்ட்ஸ் அளவீட்டை.

மழை நாளில் தடை அருமையாக இறங்கியது. அதே வில்லையை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஜாடியில் போட்டு வைத்த பிறகு, மீட்டரின் எல்லைக்கே அப்பால் போய்விட்டது. அதுவரை கடத்தியது உப்பு இல்லை, துகள்களின் மேல் படிந்த ஈரம். வீட்டில் அளந்ததாகச் சொல்லப்படும் புரோட்டான் கடத்தல்களில் பாதி இந்த ரகம் என்பது என் சந்தேகம்.

உலர்ந்த வில்லையைச் சூடாக்கியபோது 60 டிகிரிக்கு மேல்தான் எண் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு 10 டிகிரிக்கும் தடை பாதிக்கும் கீழே. 80 டிகிரியில் சுமார் 10 மெகாஓம். எரிபொருள் மின்கலங்களில் புரோட்டான் கடத்தும் நாஃபியான் சவ்வு நனைந்திருக்கும்போது கடத்துவதன் முன்னால் இது ஒன்றுமே இல்லை. 80 டிகிரிக்கு மேல் போகவில்லை. வினைபுரியாத இமிடசோல் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் 90 டிகிரியில் உருகிக் கணக்கைக் கெடுத்துவிடும்.

சூடு என்ன செய்கிறது? புரோட்டான் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவுவது பாதி வேலைதான். தாவிய பின் இமிடசோல் வளையம் திரும்பிக்கொண்டால்தான் அடுத்த புரோட்டானுக்கு இடம் கிடைக்கும். கச்சிதமாக அடுக்கிய படிகத்தில் வளையம் திரும்ப இடமில்லை. கொஞ்சம் ஒழுங்கின்மை வேண்டும். சீசியம் ஹைட்ரஜன் சல்பேட் 141 டிகிரியில் காட்டுவது இதைத்தான்: சல்பேட் தொகுதிகள் சுழலத் தொடங்கியதும் கடத்துதிறன் ஆயிரம் மடங்குக்கும் மேல் எகிறும். என் உப்பில் அப்படித் திடீர் எகிறல் எதுவும் இல்லை, சீரான ஏற்றம் மட்டுமே.

அச்சைச் சோதிக்கக் கற்பூரத்தையும் அழுத்திப் பார்த்தேன். மெழுகுபோல் ஒட்டிக்கொண்டு ஒளி கசியும் வில்லையாக வந்தது. அதன் மூலக்கூறுகள் அறை வெப்பத்திலேயே இருந்த இடத்தில் சுழல்பவை. ஆனால் கைமாற்றப் புரோட்டான் கிடையாது. சுழற்சி மட்டும் போதாது.

அடுத்து அதே வில்லையை 80-லிருந்து இறங்குமுகமாக அளக்கப் போகிறேன். ஏறும்போதும் இறங்கும்போதும் வரும் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்தான் ஈரம் முழுக்கப் போய்விட்டது என்று நம்புவேன்.