அறுபதுக்குப் பூஜ்யம்: மொரீஷியஸ் தேர்தல் நாட்கள்

அக்டோபர் 31, 2024
தீபாவளி. பக்கத்து வீட்டுத் தாந்தின் (இங்கே அத்தை, பெரியம்மா யாரானாலும் தாந்தின்தான்) ஒரு தட்டு காத்தோ பட்டாட் கொண்டுவந்தார். சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவுக்குள் தேங்காய்ப் பூரணம். நம்ம சோமாசிக்குத் தங்கை மாதிரி. அவர் பெயர் தமிழ்ப் பெயர், பேச்சு முழுக்க கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த ஊர்மொழி. பேச்சு நேரே 'மிஸ்யே முஸ்தாஸ்' பக்கம் போனது. மீசைக்காரர் என்ற அந்தப் புனைபெயரில் யாரோ அரசியல்வாதிகளின் போன் பேச்சை இணையத்தில் போட்டுக்கொண்டே இருக்கிறார்.

நவம்பர் 1
ஃபேஸ்புக் திறக்கவில்லை. மோடத்தை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, 11ஆம் தேதிவரை சமூக ஊடகங்களுக்கு அரசின் தடை. வாக்குப்பதிவு 10ஆம் தேதி! சாயங்காலத்துக்குள் தாந்தினின் போனில் பேரன் தடையைத் தாண்டும் விபிஎன் செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

நவம்பர் 2
ஒரே நாளில் தடை போயே போச்சு. பயந்தது யார் என்று தெருவுக்கே புரிந்துவிட்டது.

நவம்பர் 10
ஞாயிறு. தாந்தின் பட்டுப்புடவையில் வாக்களிக்கப் போனார். இங்கே ஒருவருக்கு மூன்று ஓட்டு. 20 தொகுதிகளில் தொகுதிக்கு மூன்று பேர், ரொட்ரீக்ஸ் தீவுக்கு இரண்டு, ஆக 62. முந்தின நாளே மளிகைச் சீட்டின் பின்பக்கம் மூன்று பெருக்கல் குறி போட்டுப் பழகினார். "மூன்றும் ஒரே கட்சிக்குத்தான், ப்ளோக்!" ரகசிய வாக்கெடுப்பாம்.

நவம்பர் 11
எண்ணிக்கை இன்றுதான். மதியமே பிரதமர் பிரவிந்த் ஜக்நாத் தோல்வியை ஒப்புக்கொண்டார். சொந்தத் தொகுதியும் போய்விட்டது. நவீன் ராம்கூலம் கூட்டணிக்கு மொரீஷியஸ் தீவின் 60 இடங்களும். 1982, 1995க்குப் பிறகு மூன்றாவது முறை இந்த 60-0. எனக்கு உறுத்துவது வேறு: நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் ஓட்டு வாங்கிய அணிக்கு ஓரிடம்கூட இல்லை. மாற்றம் என்று கொண்டாடுகிறார்கள், சரி. அப்பா பிரதமர், மகன் பிரதமர் என்ற வரிசையில் ஜக்நாத், ராம்கூலம் இரு வீட்டுக்கும் பதவி மாறி மாறி வருவதுதானே?

நவம்பர் 30
தோற்றவர்களுக்கும் இங்கே கொஞ்சம் இடம் உண்டு. 'பெஸ்ட் லூசர்' முறையில் அதிகபட்சம் 8 பேர். அப்படி நுழைந்த ஜோ லெஸ்ஜோங்கார்தான் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். சமூகவாரியாகப் பங்கு பிரிக்கும் கணக்கு இது. ஆதாரம் 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு! இந்து, முஸ்லிம், சீனர், மற்ற எல்லாரும் 'பொது மக்கள்' என நாலே பிரிவு. தமிழர் இந்துவுக்குள் அடக்கம். தாந்தினிடம் கேட்டால், "ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறதே, போதாதா?" என்கிறார். கையில் கத்தரிக்கோல். விளக்குக் கம்பத்திலிருந்து அறுந்து விழுந்த ஜக்நாத் கட்சியின் ஆரஞ்சுக் கொடியை நாடா நாடாவாகக் கிழித்துத் தக்காளிச் செடிகளுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். ராம்கூலம் கட்சியின் சிவப்பைவிட இந்தத் துணி கெட்டியாம்.