அந்தச் 'சரி' நான் போட்டதில்லை

கடனட்டைக்கு நான் கையொப்பமிட்டது 2019இல், பாடசாலை ஆசிரியர் அறையில் வைத்து. கழுத்துப்பட்டியும் மழையில் ஊறிய சப்பாத்துமாக ஓர் இளைஞர் வந்தார். ஆசிரியர்களுக்கு முதல் வருடம் கட்டணம் இல்லை என்றார். இடைவேளை முடிந்து மணி அடிப்பதற்குள் நான்கு பேர் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டோம். ஒரு வரி வாசிக்கவில்லை. பரீட்சை வந்தால் "கேள்வியை இரண்டு தடவை வாசியுங்கள்" என்று பிள்ளைகளிடம் தொண்டை வற்றச் சொல்பவள் நான்.

2021இல் அப்பாவுக்குக் கண்டியில் சத்திரசிகிச்சை. அட்டைதான் கைகொடுத்தது. அடுத்த வருடம் பொருளாதார நெருக்கடியில் நாடே கவிழ்ந்தது. கடனட்டை வட்டிக்கு மத்திய வங்கி வைத்திருந்த 18 சதவீத உச்சவரம்பு 2022 ஏப்ரலில் நீக்கப்பட்டது. என் மாதாந்தக் கணக்குக் கூற்றில் வட்டி ஏறிக்கொண்டே போய் முப்பதைத் தாண்டியது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தேன். கட்டியதெல்லாம் வட்டிக்கே போனது. பிறகு அதுவும் முடியாமல் போனது. பாடம் நடத்தும் நேரத்தில் தொலைபேசி அழைப்புகள், அதன்பின் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம்: இரண்டு இலட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய், பதினான்கு நாள் அவகாசம்.

லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன்தான் முதலில் தைரியம் சொன்னான். "அக்கா, பணம் கட்டுவதற்கு முன்பு ஒப்பந்தத்தின் பிரதியைக் கேளுங்கள். அதைக் காட்ட முடியாவிட்டால் அவர்களால் வழக்கில் வெல்ல முடியாது." அங்கே 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் இருக்கிறதாம். ஒரு பவுண் கட்டி எழுத்தில் கேட்டால் 12 வேலை நாட்களுக்குள் பிரதி தர வேண்டும், தரும்வரை கடனை நீதிமன்றத்தின் மூலம் அறவிட முடியாது. எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. கடனே இல்லாமல் போய்விடும் என்று இரண்டு இரவு கணக்குப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். நீதிமன்றத்துக்குப் போகும் வழியில், மாடிப்படி ஏறிப் போகும் சிறிய அறை. நான் சொன்னதை முழுவதும் கேட்டார், சிரிக்கவில்லை. "டீச்சர், அது அவர்களுடைய சட்டம். நம் நாட்டிலும் 1982இல் நுகர்வோர் கடன் சட்டம் என்று ஒன்று வந்தது. பெயர்தான் ஒன்று. அது தவணையில் பணம் கட்டிப் பொருள் வாங்கும் வாடகைக் கொள்வனவுக்கு உரியது, உங்கள் அட்டைக்கு அல்ல" என்றார். லண்டனிலும் அது தம்பி சொன்ன அளவுக்கு எளிதில்லை என்று பிறகு தேடிப் பார்த்து அறிந்துகொண்டேன். கையொப்பமிட்ட மூலப் பத்திரமே வேண்டும் என்றில்லை, வங்கி தன் பதிவுகளிலிருந்து திரும்பத் தயாரித்த பிரதியும் போதும் என்று 2009இல் அங்கே தீர்ப்பு வந்திருக்கிறது. கட்டாய விபரங்கள் விடுபட்டால் அறவிடவே முடியாது என்ற கடுமையான விதியும் 2007 ஏப்ரலுக்குப் பிந்திய ஒப்பந்தங்களுக்கு இல்லை.

"ஆங்கிலத்தில் இருந்தது, எனக்கு விளங்கவில்லை என்று சொல்லலாமா, சேர்?"

"நீங்கள் பட்டதாரி ஆசிரியை. கையொப்பமும் உங்களுடையது. வாசிக்காமல் கையொப்பமிட்டேன் என்றால் நீதிபதி உங்களைத்தான் பார்ப்பார்."

கடன் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் என்பதால் 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் வங்கி போகலாம் என்றும் சொன்னார். அந்த வழியில் போனால், எதிர்த்து வாதாடுவதற்கே முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். ஆனாலும் பிரதியைக் கேளுங்கள் என்றார். எதற்கு என்று கேட்டேன். "எதில் கையொப்பமிட்டீர்கள் என்று உங்களுக்கே தெரியாதே!"

கிளையில் கேட்டேன், கொழும்பில் கேட்கச் சொன்னார்கள். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன், கிளையில் கேட்கச் சொன்னார்கள். கடைசியில் பதிவுத் தபாலில் எழுதினேன்: விண்ணப்பப் படிவம், நிபந்தனைகள், முதல் நாளிலிருந்து எல்லாக் கூற்றுகளும் வேண்டும். தபால் பற்றுச்சீட்டை அப்பாவின் மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து வைத்தேன். ஐந்து வாரம் கழித்து ஒரு தடித்த உறை வந்தது.

கையொப்பம் என்னுடையதுதான். அடையாள அட்டை இலக்கமும் சரி. வட்டி வீதத்தை அறிவித்தல் கொடுத்து மாற்றலாம் என்ற நிபந்தனையும் இருந்தது, உளுந்து மணியை விடச் சிறிய எழுத்தில். வட்டியை எதிர்க்கும் வழியும் அடைபட்டது. நிபந்தனைத் தாள்களை அகராதியை வைத்துக்கொண்டு மூன்று மாலைப்பொழுதுகள் வாசித்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதல் நாளே வாசித்திருந்தால் அரை மணி நேர வேலை.

இரண்டாம் பக்கத்தின் அடியில்தான் அது இருந்தது. கடன் பாதுகாப்புக் காப்புறுதி வேண்டுமா என்று ஒரு கட்டம், அதில் ஒரு சரி அடையாளம். பதினைந்து வருடமாகக் கொப்பி திருத்துகிற கை இது. நான் போடும் சரிக்கு வால் நீளம், பக்கத்து வரியில் போய் முட்டும். அதைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் சிரிப்பார்கள். அதே பக்கத்தில் ஆண், பெண் என்ற கட்டத்தில் நான் போட்ட சரி, தொழில் கட்டத்தை வெட்டிக்கொண்டு போயிருந்தது. காப்புறுதிக் கட்டத்தில் இருந்ததோ ஆங்கில 'வி' எழுத்தைப் போல் குட்டையாக, கட்டத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருந்தது. அதன் அருகே இருந்த கையொப்பக் கோடு வெறுமையாக இருந்தது.

கூற்றுகளை எடுத்துக் கூட்டினேன். மாதாமாதம் நிலுவைக்கு ஏற்ப எழுநூறு, எண்ணூறு என்று வெட்டியிருந்தார்கள். மொத்தம் 27,460 ரூபாய். அதற்கு மேல் வட்டியும் ஏறியிருந்தது. இந்தச் சிறு வரியைக் கடன் கேட்டு அழைத்தவர்கள் யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை.

சட்டத்தரணி இந்தத் தடவை சிரித்தார். ஒப்பந்தம் செல்லாது என்று எழுத வேண்டாம், காப்புறுதிக்கு நான் உடன்படவில்லை என்று மட்டும் எழுதுங்கள் என்றார். முதலில் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கே சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி 1935. கடிதத்தோடு என் படிவத்தின் பிரதியில் இரண்டு சரிகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்பினேன்.

அதற்கிடையில் இன்னோர் அழைப்பு. "மேடம், நல்லெண்ணத்துக்கு ஐயாயிரம் மட்டும் போடுங்கள்." கொஞ்சம் யோசியுங்கள் என்று சட்டத்தரணி ஏற்கனவே சொல்லியிருந்தார். எழுத்து ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போடும் கால எல்லை ஆறு வருடம். ஒரு சிறு தொகையைக் கட்டினாலும் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடலாம். எனக்கு அந்த எல்லை கிட்டவும் இல்லை, ஆனாலும் எழுத்தில் தாருங்கள் என்றேன். மறுமுனை உடனே வைத்துவிட்டது.

முதல் பதில் மழுப்பலாக இருந்தது. முறைப்பாட்டை மத்திய வங்கிக்கு எடுத்துப் போகிறேன் என்று எழுதியபின் வந்த இரண்டாவது கடிதத்தில் காப்புறுதிப் பணத்தையும் அதன் மேல் ஏறிய வட்டியையும் கழித்திருந்தார்கள். தாமதக் கட்டணங்களில் பாதியும் போனது. தவறு என்று ஒரு சொல் இல்லை, "நல்லெண்ண அடிப்படையில்" என்றுதான் இருந்தது. மீதிக் கடன் கடன்தான். அப்பாவின் சிகிச்சைக்குச் செலவழித்தது, அதைக் கட்டத்தான் வேண்டும். முப்பது மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டோம்.

தவணை ஒப்பந்தத்தில் கையொப்பமிடக் கிளைக்குக் கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தில் நீட்டினார்கள். தமிழில் வேண்டும் என்றேன். வாடிக்கையாளர் விரும்பும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் சொல்வதை எடுத்துக்காட்டினேன். அந்த அலுவலர் முகத்தைச் சுருக்கினார், ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. தமிழ்ப் பிரதி வர இரண்டு வாரம் பிடித்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு மறுநாள் வந்தேன். காப்புறுதி என்ற கட்டத்தில் 'வேண்டாம்' என்பதற்கு நேராகச் சரி போட்டேன். வால், கீழே இருந்த முகவரி வரையில் போனது.