பல்லை ராவலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்

தாடை மூட்டு வலிக்காரர்கள் எல்லோரும் அநேகமாக ஒரே வழியில்தான் அலைகிறோம். காதுக்கு முன்னால் வலிக்கிறது என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனால், காது சுத்தமாக இருக்கிறது, பல்லைக் காட்டுங்கள் என்பார். பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் கடைவாயில் ஒரு பழைய அடைப்பு இருக்கிறதே, ரூட் கெனால் பண்ணிப் பார்க்கலாமா என்பார். அப்புறம் சைனஸ் ஸ்கேன், தலைவலி மாத்திரை. நானும் இப்படிச் சுற்றி, கடைசியாக ஒரு கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். மேல் வரிசைப் பற்களைக் கொஞ்சம் ராவி, கடி (அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதம்) சரியாக உட்காரும்படி செய்துவிட்டால் வலி போய்விடும் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வலியைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் விரலும் நல்ல கேள்விகளும் போதும். 2014-இல் வெளியான டி.சி./டி.எம்.டி. என்ற, தாடை மூட்டுக் கோளாறுகளைக் கண்டறியும் நெறிமுறைதான் இன்று பல நாடுகளிலும் அளவுகோல். பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கிறதே அந்தத் தசையையும், நெற்றிப்பொட்டில் விசிறி போல விரிந்திருக்கிற தசையையும் சுமார் 1 கிலோ அழுத்தத்தில் அழுத்திப் பார்க்கச் சொல்கிறது. (1 கிலோ எவ்வளவு என்று சமையலறைத் தராசில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள், நாம் நினைப்பதைவிட அதிகம்.) இவ்வளவு அழுத்தினால் நன்றாக இருப்பவருக்கும் லேசாக வலிக்கலாம் என்பதால், "நீங்கள் சொல்லிக்கொண்டு வந்த அந்த வலி இதுதானா?" என்று கேட்க வேண்டும் என்கிறது. என்னை அப்படி முதன்முதலில் கேட்ட டாக்டர் கன்னத்தில் விரலை வைத்ததும், எனக்குக் காதில் வலித்தது. மூட்டு தேய்ந்துவிட்டதோ என்று நான் பயந்துகொண்டிருந்தது கடைசியில் தசைவலி. பலருக்கும் அப்படித்தான்.

அதே நெறிமுறையின் இரண்டாம் பாதி தூக்கம், கவலை, மனச்சோர்வு, உடம்பில் வேறு எங்கே வலி என்றெல்லாம் விசாரிக்கிறது. எல்லாம் மனப்பிரமை என்று சொல்லப்போகிறார்களோ என்று கோபப்படாதீர்கள். வலி சீக்கிரம் போகுமா, நாள்பட நின்றுவிடுமா என்பதை ஊகிக்க இந்தப் பதில்கள் உதவுகின்றன.

வாய் திறக்கும்போது 'டக்' என்று சத்தம் வருகிறது என்று பயந்து போகிறவர்கள் நிறைய. மூட்டுக்குள் இருக்கிற சிறு தட்டு கொஞ்சம் முன்னால் நழுவி, திறக்கும்போது இடத்துக்கு வரும் சத்தம் அது. வலி இல்லை, வாயும் நன்றாகத் திறக்கிறது என்றால் வைத்தியம் தேவையில்லை. ஆனால் நாள்கணக்காகக் கேட்ட சத்தம் ஒருநாள் நின்றுபோய், வாயும் பாதிதான் திறக்கிறது என்றால் தட்டு நழுவிய இடத்திலேயே சிக்கியிருக்கலாம், தள்ளிப்போடாமல் காட்டுங்கள். உங்கள் மூன்று விரல்களை அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிந்தால், அதாவது சுமார் 40 மி.மீ., திறப்பு சரியாக இருக்கிறது.

சரி, பல் ராவுவது எங்கிருந்து வந்தது? 1934-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், வெறும் 11 நோயாளிகளைப் பார்த்துவிட்டு, பின்பற்கள் போனதால் கடி தாழ்ந்து மூட்டு பின்னுக்குப் போய்க் காதுப்பக்க நரம்புகளை அழுத்துகிறது என்று எழுதினார். அந்த உடற்கூற்று விளக்கம் தவறு என்று பின்னால் தெரிந்தாலும், கடியைத் திருத்தினால் வலி தீரும் என்ற நம்பிக்கை மட்டும் போகவே இல்லை. அதைவிட மோசம் 1980-களில் நடந்தது. ஹூஸ்டனில் வைடெக் என்ற நிறுவனம் தயாரித்த டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டுகளை ஆயிரக்கணக்கானோருக்குப் பொருத்தினார்கள். மெல்ல மெல்ல அவை துகள்களாக உதிர்ந்து, அந்தத் துகள்களுக்கு உடம்பு காட்டிய எதிர்ப்பில் சுற்றியிருந்த எலும்பே அரித்துப்போனது. அமெரிக்க அரசு 1990-இல்தான் எச்சரிக்கை விட்டது.

அதனால்தான் திரும்பப் பெற முடியாத எதையும் முதலில் செய்துகொள்ளாதீர்கள் என்கிறேன். 2023-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதலும், நாள்பட்ட வலிக்கு உறுதியாகப் பரிந்துரைப்பது தாடைப் பயிற்சி, தசையைக் கையால் தளர்த்துதல், அறிவுசார் நடத்தைச் சிகிச்சை (நினைப்பையும் பழக்கத்தையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை) மாதிரியான எளிய விஷயங்களைத்தான். கடியை நிரந்தரமாக மாற்றும்படி பல்லில் மாட்டும் கவசம், தட்டை வெட்டி எடுப்பது இரண்டும் வேண்டாம் என்று அடித்துச் சொல்கிறது. இரவில் மாட்டும் சாதாரணக் கவசம், போடாக்ஸ் ஊசி இவற்றில்கூட அதற்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்குப் பல் தேயாமல் இருக்கக் கவசம் உதவும், அது வேறு விஷயம்.

எனக்கு அதிகம் உதவியது காசில்லாத வைத்தியம். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது, உதடு மட்டும் மூடியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும்போது கவனித்துப் பாருங்கள், கடித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். நாக்கு நுனியை மேல் முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்து, அது விலகாத அளவுக்கு மெதுவாக வாய் திறந்து மூடுவது, வெந்நீர் ஒத்தடம், கொஞ்ச நாளைக்கு முறுக்கு, கரும்பு இரண்டுக்கும் விடுமுறை. (முறுக்கை விட்டதுதான் கஷ்டம்.)

முகத்தில் வருவதெல்லாம் தாடை மூட்டு வலி என்றும் இருந்துவிடக் கூடாது. காற்று பட்டால், முகம் கழுவினால் சுரீரென்று ஷாக் அடிக்கிற மாதிரி நொடிக்கணக்கில் வந்து போவது முக நரம்பு வலியாக இருக்கலாம், அதற்கு கார்பமாசிபைன் மாதிரி வேறு மருந்து. மாடிப்படி ஏறினால் தாடை வலித்து, நின்றால் விடுகிறது என்றால் இதயத்தைப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டில் வலி, சாப்பாட்டை மெல்லும்போது தாடை ஓய்ந்துபோவது, பார்வை மங்குவது எல்லாம் சேர்ந்து வந்தால் அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், கண்ணே போய்விடும் என்பதால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் ஊரில் இன்னொன்று, பாக்கும் குட்காவும் போடுகிறவருக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போய், காரம் பட்டால் எரிந்து, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார் நாராக இறுகியிருந்தால் அது புற்றுநோயாக மாறக்கூடிய நோய். அவர்கள் பாக்கை அன்றே நிறுத்திவிட்டு, தாடைப் பயிற்சியெல்லாம் ஆரம்பிக்கும் முன் பக்கத்திலுள்ள அரசு பல் மருத்துவமனையில் வாயைக் காட்டிவிட வேண்டும்.