வர்த்தமானி வேலைகளை மின்மடலாக அனுப்பும்போது

ஹட்டன், மஸ்கெலியா, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அரச வேலை அறிவித்தல்களைத் தொகுத்து மின்னஞ்சலில் அனுப்பி வருகிறோம். அவை வெளியாகும் அரசிதழான வர்த்தமானி வெள்ளிக்கிழமை வரும். சனிக்கிழமை மடல் போய்விட்டால், கிராம உத்தியோகத்தர் சான்றிதழுக்குத் திங்களே அலையலாம்.

தலைப்பில் "வாராந்தச் செய்திமடல், இதழ் 14" என்று போடுவதால் பயனில்லை. போன் திரையில் முதல் சில சொற்கள்தான் தெரியும். "தாதியர் பயிற்சி: உ/த விஞ்ஞானம், 28க்குள்" என்றால் தனக்கா இல்லையா என்பது திறக்காமலே புரியும். தலைப்பை அடுத்துத் தெரியும் வரியையும் நாமே எழுத வேண்டும். விட்டுவிட்டால் "மடல் சரியாகத் தெரியவில்லையா?" என்பதுபோன்ற வெற்று வாசகம் அங்கே வந்து நிற்கும்.

வர்த்தமானிப் பக்கத்தைப் படம் பிடித்து ஒட்டுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம். டேட்டா கரையும், எழுத்து பொடியாகும், முகவரியைப் பிரதி எடுக்கவும் முடியாது. பதவி, வயதெல்லை, தகைமை, முகவரி எல்லாம் எழுத்திலேயே இருக்கட்டும். கடித உறையின் இடது மேல் மூலையில் எழுத வேண்டிய பதவிப் பெயரை அப்படியே கொடுங்கள். முடிவுத் திகதி என்பது பெரும்பாலும் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய நாள். தோட்டத்திலிருந்து தபால் போக நாளெடுக்கும். ஆகவே பதிவுத் தபாலில் போட வேண்டிய நாளை அதற்கு ஒரு வாரம் முன்னதாகக் கணக்கிட்டுத் தனியாகக் குறிப்பிடுகிறோம். மடலிலேயே மிகவும் பயன்படும் வரி இதுதான்.

பாமினி என்ற பழைய, யுனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் போனில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். யுனிகோடுக்கு மாற்றிய பிறகும் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

நீளத்திலும் கவனம் தேவை. மடல் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். தமிழில் "க" ஒன்றே 3 பைட், "கொ" 6 பைட். வடிவமைப்புக் குறிகளும் சேர்வதால் நினைப்பதைவிடச் சீக்கிரம் நிரம்பும். வெட்டுப்படுவது அடிப்பகுதி, சந்தாவை நிறுத்தும் இணைப்பு இருப்பதும் அங்கேதான். அது கிடைக்காதவர் ஸ்பாம் என்று அழுத்துவார். அந்த விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என்பது 2024 முதல் கூகுளின் விதி. ஆயிரம் பேரில் மூவர் போதும், மற்றவர்களுக்கும் மடல் ஸ்பாமில் விழத் தொடங்கலாம். எனவே அந்த இணைப்பை மேலேயும் ஒருமுறை வையுங்கள்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையை நம்ப வேண்டாம். மடலிலுள்ள படம் இறங்குவதை வைத்தே அது கணக்கிடப்படுகிறது. 2021இலிருந்து ஆப்பிள் மெயில், வாசகர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. பதில் எழுதக்கூடிய முகவரியிலிருந்து அனுப்புங்கள். "பெறுபேற்றுச் சான்றிதழின் பிரதியை யார் உறுதிப்படுத்த வேண்டும்?" என்று ஒருவர் கேட்டால், அதற்கான விடை அடுத்த மடலில் அந்த அறிவித்தலுக்குக் கீழேயே வர வேண்டும்.